சுட்ட கூட்டில் ஒடுக்கு எப்போது விழுந்தது? – வாசகர் கேள்வி பதில்

ரைபிளில் சுட்டபின் வெளியே வந்து விழும் தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, அதில் ஒடுக்கு விழுந்திருப்பதைக் கண்டு கவலையோடு எழுதப்பட்ட கடிதங்கள் இம்முறை அதிகம். அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. ரைபிள் தோட்டாவை மறுநிரப்பல் செய்வதற்கு, அதாவது சுட்ட கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் இட்டு நிரப்புவதற்குச் சட்டப்படி உரிமை பெற்றவர்களே எழுதியிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் இப்பதில்கள் அமைந்துள்ளன.

கேள்வி: என்னிடம் 308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான போல்ட் ரைபிள், அதாவது குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து இயக்கும் ரைபிள், உள்ளது. என் மகள் சுடப் பழகுவதற்காக, பின்னுதைப்பு குறைவாக இருக்கட்டும் என்று, நான் வழக்கமாகப் பயன்படுத்தும் மெதுவாக எரியும் வெடிமருந்தையே அளவு குறைத்து நிரப்பினேன். சுட்ட பத்துக் கூடுகளில் மூன்று நான்கில், கூட்டின் உடல் கழுத்தாகக் குறுகும் தோளுக்குச் சற்றுக் கீழே நீளவாக்கில் ஒடுக்கு விழுந்திருக்கிறது. அதே பக்கத்தில் கரியும் படிந்திருக்கிறது. அழுத்தம் மிகுந்துவிட்டதோ என்று பயந்து மருந்தை இன்னும் குறைத்தேன். இப்போது பாதிக் கூடுகளுக்கு மேல் ஒடுங்குகின்றன. சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையில்) ஏதாவது கோளாறா?

பதில்: சேம்பரில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. தோளை ஒட்டிய நீளவாக்கு ஒடுக்கு, அதே பக்கத்துக் கரி, மருந்தைக் குறைக்கக் குறைக்க ஒடுக்கு பெருகுவது ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அழுத்தம் போதாமல் போனதே காரணம் என்று துணிந்து சொல்லலாம். ஆகவே உடனே செய்ய வேண்டியது, குறைப்பதை நிறுத்துவதுதான். ஒடுக்கைக் கண்டதும் அழுத்தம் மிகுந்துவிட்டது என்று எண்ணி மருந்தைக் குறைக்கும் தவறைச் செய்யாத மறுநிரப்பாளர் அரிது. நானும் அதற்கு விலக்கல்ல.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்வரும் கடிதங்களுக்கும் அதுவே அடிப்படை. கூட்டில் ஒடுக்கைப் பார்த்தவுடன் 'இது எதனால் வந்தது?' என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன்னால் 'இது எப்போது வந்தது?' என்று கேட்டுக்கொள்வது நல்லது. 308 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிர்ணய அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கூட்டின் கழுத்துச் சுவரோ சுமார் 0.015 அங்குலத் தடிப்பு மட்டுமே கொண்டது. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த, வளைந்து கொடுக்கும் பித்தளை. முழு அளவு மருந்து எரியும்போது அந்த மெல்லிய சுவர் சேம்பரின் எஃகுச் சுவரோடு இடைவெளியின்றி அப்பிக்கொள்கிறது. அழுத்தம் வடிந்ததும் மிகச் சிறிதளவு சுருங்கித் திரும்புகிறது. சுடுவதற்கு முன்பே கூட்டில் இருந்த சிறு ஒடுக்குகளெல்லாம் அந்த ஓரிரு மில்லிவினாடிகளுக்குள் உள்ளிருந்து தேய்த்துவிட்டதுபோல மறைந்துபோகும். அப்படியும் சுட்ட கூட்டில் ஒடுக்கு மிஞ்சியிருக்கிறதென்றால், ஒன்று, அழுத்தம் வடிந்த பிறகு கூடு எதிலாவது மோதியிருக்க வேண்டும். அல்லது கூட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே நசுங்க மறுக்கும் பொருள் ஏதோ நின்றிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், கூட்டைச் சுவரோடு அப்ப வைக்கும் அளவுக்கு அழுத்தம் விரைவாக ஏறாமலே இருந்திருக்க வேண்டும். உங்களுடையது மூன்றாவது வகை.

மெதுவாக எரியும் மருந்தைக் குறைவாக இட்டால் அழுத்தம் சோம்பலாகவே ஏறுகிறது. குண்டு கழுத்தை விட்டு நகரத் தொடங்கிய பிறகும் கழுத்துச் சுவர் சேம்பரோடு சேர்ந்து வாயை அடைப்பதில்லை. அந்தச் சந்தின் வழியாகச் சூடான வாயு பின்னோக்கி வழிந்து, கூட்டின் வெளிப்புறத்துக்கும் சேம்பருக்கும் இடையில் புகுந்துகொள்கிறது. நீங்கள் காணும் கரி அது வந்து போன தடம். பிறகு குண்டு குழலை விட்டு வெளியேறியதும், கூட்டின் உள்ளே இருக்கும் வாயு அகன்ற வாய் வழியாகச் சட்டென்று வடிந்துவிடுகிறது; வெளிப்புறத்தில் சிக்கிக்கொண்ட வாயுவுக்கோ வெளியேற அவ்வளவு அகன்ற வழி இல்லை. ஒரு கணம் வெளியழுத்தம் உள்ளழுத்தத்தை விஞ்சுகிறது. சுவர் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே, அதாவது தோளுக்கு அருகில், உள்ளே மடிந்துகொடுக்கிறது. நீளவாக்கில் விழும் அந்த ஒடுக்குக்கு மோதல் எதுவும் தேவையில்லை.

பத்தில் மூன்று நான்கு மட்டும் ஏன் ஒடுங்கின என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அது கவனிக்கத்தக்கது. மருந்து குறைவாக இருக்கும்போது கூட்டுக்குள் காலியிடம் மிகுதி. தோட்டா சேம்பரில் படுத்திருக்கையில் மருந்து, கூட்டின் அடியிலுள்ள தீமூட்டியான பிரைமரை ஒட்டி ஒதுங்கியிருந்தால் ஒருவகையாகவும், குண்டின் பக்கம் சரிந்திருந்தால் இன்னொரு வகையாகவும் தீப்பற்றுகிறது. ஒரே அளவு மருந்து கூடுக்குக் கூடு வெவ்வேறு அழுத்தத்தைத் தருவதற்கு இதுவே பெருங்காரணம். உங்கள் குண்டுகளின் வேகத்தைக் குரோனோகிராஃப் வைத்து அளந்தால், ஒடுங்கிய கூடுகளின் வேகம் கீழேயும் ஒடுங்காதவற்றின் வேகம் மேலேயும் நிற்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். கூட்டின் அடிப்பகுதியையும் பாருங்கள்: பிரைமர் சற்றே பின்னுக்குத் துருத்திக்கொண்டு நின்றால், பிரைமரை மறுபடி அதன் குழிக்குள் அமர்த்தும் அளவுக்குக் கூடு பின்னோக்கித் தள்ளப்படவில்லை என்று பொருள். அதுவும் குறைந்த அழுத்தத்தின் சாட்சியே.

இதை வெறும் அழகுக் குறையாக எண்ணி விட்டுவிட முடியாது. மெதுவான மருந்தை மறுநிரப்பல் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே இறக்கினால், குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும் அபாயம் உண்டு. அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், சில வேளைகளில் வெடிக்கும். அவ்வாறு குறைத்து நிரப்பியதில், எதிர்பாராத வகையில் அழுத்தம் திடீரென எகிறி ரைபிள் சிதைந்த நிகழ்வுகளும் உண்டு. ஆகவே மிச்சமிருக்கும் தோட்டாக்களைச் சுடாமல் பிரித்துவிடுங்கள்.

பின்னுதைப்பு குறைந்த தோட்டாதான் நோக்கமென்றால், அதற்கென்றே வெளியிடப்பட்ட அளவுகளைப் பின்பற்றலாம். ஹாட்ஜ்டன் நிறுவனம் தன் ஹெச் 4895 மருந்துக்கு, அந்தத் தோட்டாவுக்கும் குண்டுக்கும் தான் வெளியிட்டுள்ள உச்ச அளவின் 60 விழுக்காடு வரை (அதற்குக் கீழே அல்ல) இறங்கலாம் என்று வழிகாட்டியிருக்கிறது. அதே நிறுவனம், ஹெச் 110 மருந்தை 3 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கவே கூடாது என்று எச்சரிக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 'கொஞ்சம் குறைத்தால் என்ன கெட்டுவிடும்?' என்ற எண்ணம் எல்லா மருந்துக்கும் பொருந்தாது என்பது விளங்கும். எடை குறைந்த குண்டைத் தேர்ந்துகொண்டு கையேட்டின் தொடக்க அளவில் நிரப்புவது இன்னொரு நல்ல வழி.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். பலமுறை சுட்டு, கூட்டை மறுபடி சரியான அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையில் பலமுறை இட்டு எடுத்த கூடுகளில் கழுத்துப் பித்தளை இறுகிப்போயிருக்கும். இறுகிய கழுத்து விரிவதற்கு அதிக அழுத்தம் கேட்கும். சரியான அளவு மருந்திட்டும் கழுத்தையும் தாண்டித் தோளுக்குக் கீழே கரி வழிந்தால், கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கிப் பதமிளக்கும் அனீலிங் முறையால் அது தீரக்கூடும். அடிப்பகுதியில் அந்தச் சூடு ஏறவே கூடாது. அழுத்தம் முழுவதையும் தாங்கி நிற்பது அதன் கடினம்தான்.

கேள்வி: தானாக மறுபடி ஏற்றிக்கொள்ளும் என் ரைபிளிலிருந்து வெளியேறும் கூடுகளின் வாய், வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தட்டையாகி விடுகிறது. சிலவற்றில் உடலின் நடுவிலும் ஆழமான ஒடுக்கு இருக்கிறது. கரி ஏதும் இல்லை. தோட்டாவில் தவறா, துப்பாக்கியில் தவறா?

பதில்: இரண்டிலும் தவறு இல்லாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். இவை அழுத்தம் வடிந்த பிறகு, கூடு வெளியேறும் வழியில் மோதியதால் விழுந்தவை. எக்ஸ்ட்ராக்டர் கூட்டின் விளிம்பைப் பிடித்திழுக்க, எஜெக்டர் மறுபுறம் தள்ள, கூடு வேகமாகச் சுழன்றுகொண்டு வெளியேறும்போது அதன் வாய், ரைபிளின் பக்கத்துத் திறப்பின் ஓரத்திலோ, உடல் திறப்புக்குப் பின்னாலுள்ள மேட்டிலோ அடித்துக்கொள்கிறது. எம் 16 ஏ 2 ரைபிளில் சேர்க்கப்பட்ட அந்த மேடு, இடக்கையால் சுடுபவரின் முகத்தில் கூடு தெறிக்காமல் காப்பதற்கென்றே வைக்கப்பட்டது. கூட்டின் அழகைப் பற்றி அதை வடிவமைத்தவர்கள் கவலைப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஜி 3 குடும்பத்து ரைபிள்கள் இன்னும் முரட்டுத்தனமானவை. அவற்றின் சேம்பரில் நீளவாக்கில் வெட்டப்பட்ட வாய்க்கால்கள் கூட்டின் மேல் கரிக்கோடுகளை வரையும். வெளியே எறியும் வேகத்தில் உடல் பெரும்பாலும் ஒடுங்கியே வரும். அந்தக் கோடுகள் அந்த ரைபிளின் இயல்பு. அவற்றைக் குறையென்று கொள்ள வேண்டாம்.

மோதிய இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. பித்தளை மென்மையானது, எஃகில் உரசிய இடத்தில் மஞ்சள் தீற்றலை விட்டுச் செல்லும். திறப்பின் ஓரம், மேடு, குறிநோக்கியின் பக்கவாட்டுக் குமிழ் ஆகிய மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குமிழில் தீற்றல் இருந்தால் குறிநோக்கியைச் சற்று உயர்த்திப் பொருத்துவதே தீர்வு. மேட்டில் இருந்தால் வெல்க்ரோவின் மென்மையான பக்கத்தைச் சிறு துண்டாக வெட்டி ஒட்டலாம். பலரும் செய்வது அதுதான். கூடு பக்கவாட்டில் விழாமல் முன்னோக்கிப் பாய்கிறதென்றால், போல்ட் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறது என்று ஐயப்படலாம். எஃப்.என். ஃபால் போன்று வாயு அளவைச் சீராக்கும் அமைப்புள்ள ரைபிளாக இருந்தால், ரைபிள் தடையின்றி இயங்கும் எல்லைக்குள் வாயுவைக் குறைத்துப் பாருங்கள்.

போல்ட் ரைபிள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. போல்ட் முகத்தில் வில்லோடு கூடிய எஜெக்டர் உள்ள ரெமிங்டன் 700 போன்றவற்றில், கூட்டின் வாய் சேம்பரை விட்டு விடுபடும் கணமே கூடு பக்கவாட்டில் சாயத் தொடங்கி, வாய் திறப்பின் ஓரத்தை உரசிக்கொண்டே வரும். நீங்கள் போல்ட்டை மெதுவாக இழுத்தாலும் அந்த வில் தள்ளுவதை நிறுத்தாது. மௌசர் 98 வகையில் எஜெக்டர் நிலையானது. போல்ட் கடைசி வரை வந்த பிறகே கூட்டைத் தட்டுகிறது. அங்கே கூடு எவ்வளவு வேகமாகப் பறக்கிறது என்பது முழுக்க உங்கள் கையைப் பொறுத்தது.

கேள்வி: கூடுகளை டையில் இட்டு எடுக்கும்போதே தோளில் வட்டமான சிறு ஒடுக்குகள் விழுகின்றன. சுட்ட பிறகு அவை மறைந்துவிடுகின்றன. ஆனால் சென்ற வாரம், மழையில் நனைந்தபடி சுட்ட சில கூடுகளில் சுட்ட பிறகும் அதேபோன்ற ஒடுக்குகள் இருந்தன. இரண்டும் ஒன்றா?

பதில்: தோற்றத்தில் உடன்பிறப்புகள், விழுந்த நேரம் வேறு. இரண்டையும் உண்டாக்கியது நசுங்க மறுக்கும் திரவம். டையில் விழுபவை, கூட்டில் பூசிய மசகு அதிகமாகித் தோளில் போய்த் தேங்குவதால் வருகின்றன. திரவம் சுருங்காது, அது விலகிப்போக வழியில்லாதபோது பித்தளைதான் விலகிக் கொடுக்க வேண்டும். ஆகவே மசகை உடலுக்கு மட்டும் மெல்லிய படலமாகப் பூசுங்கள், தோளைத் தவிர்த்துவிடுங்கள். சில டைகளில் காற்று வெளியேறுவதற்கென்று ஒரு நுண்துளை இருக்கும். அது அழுக்கடைந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். சிறிய, வழவழப்பான ஒடுக்குகளால் கேடில்லை. நீங்களே கண்டதுபோல் சுடும்போது அவை நிமிர்ந்துவிடும்.

மழையில் விழுந்தவை கவலைக்குரியவை. அங்கே திரவம் தேங்கி நின்றது சேம்பருக்குள். அதனால்தான் உச்ச அழுத்தம்கூட அந்த ஒடுக்கை நிமிர்த்த முடியவில்லை. இடையில் நின்ற நீரின்மேல் பித்தளை வார்க்கப்பட்டதுபோல் ஆகிவிட்டது. ஒடுக்கைவிட முக்கியமான விளைவு ஒன்று உண்டு. உலர்ந்த கூடு சேம்பர் சுவரைப் பற்றிக்கொண்டு, பின்னோக்கிய தள்ளுதலில் ஒரு பகுதியைத் தானே தாங்குகிறது. சுவர் ஈரமாகவோ எண்ணெய்ப் பசையோடோ இருந்தால் அந்தப் பிடிப்பு தளர்ந்து, போல்ட்டின் மேல் விழும் சுமை கூடுகிறது. துப்பாக்கியைச் சுத்தம் செய்து எண்ணெயிட்டு வைத்தவர்கள், சுடப்போகும்முன் உலர்ந்த துணித்துண்டைச் சேம்பருக்குள் செலுத்தித் துடைத்தெடுப்பதும், டையில் பூசிய மசகைத் தோட்டாவிலிருந்து முழுவதும் அகற்றுவதும் இதனால்தான்.

கேள்வி: ஒவ்வொரு கூட்டிலும், தோளுக்குக் கீழே ஏறத்தாழ ஒரே உயரத்தில், ஊசிமுனை அளவு குழி ஒன்று தெரிகிறது. இதை எப்படிச் சோதிப்பது?

பதில்: ஐந்து தோட்டாக்களை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் நிரந்தர மை பேனாவால் விளிம்பு வரை ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு மேலே இருக்கும்படி ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனியாகச் சேம்பருக்குள் வைத்துச் சுடுங்கள். சுட்ட பிறகு போல்ட்டை மெதுவாக இழுத்து, கூடு துள்ளி விழாமல் விரலால் தடுத்துக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கூடுகளிலும் குழி கோட்டிலிருந்து ஒரே கோணத்தில் இருந்தால், சேம்பர் சுவரில் அந்த இடத்தில் ஏதோ மேடு உள்ளது. உலோகப் பிசிராகவும் இருக்கலாம். ஒட்டிக்கொண்டு இறுகிய கரியாகவோ அழுக்காகவோகூட இருக்கலாம். முதலில் சேம்பர் தூரிகையால் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் மாறவில்லையென்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். நீங்களே அரத்தை உள்ளே விட வேண்டாம்.

கோணம் கூடுக்குக் கூடு மாறினால், மணல் துகளோ சிந்திய மருந்துத் துகளோ தோட்டாவோடு சேர்ந்து உள்ளே போகிறது என்று கொள்ளலாம். கூட்டின் மேல் தோன்றுவது சேம்பரின் எதிர்வடிவம் என்பதையும் நினைவில் வையுங்கள். சேம்பரில் மேடு இருந்தால் கூட்டில் குழி விழும்; சேம்பரில் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் கூட்டில் மேடு எழும். நீளவாக்கில் செல்லும் கீறல் வேறு கதை. அது டையில் இட்டு எடுத்த பிறகு மட்டுமே தென்படுமானால், டைக்குள் மணல் ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: பழைய லீவர் ரைபிளில் 45-70 தோட்டா சுடுகிறேன். கூட்டின் பக்கமெல்லாம் கரி, ஒடுக்கு இல்லை. கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது குறைந்த அழுத்தத்தில் இயங்கும் நேர்ச்சுவர்க் கூடு, எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வரையறையே 28,000 பவுண்டுதான். ஒடுக்கில்லாமல் கரி மட்டும் படிந்தால் துடைத்துவிட்டுத் தொடரலாம். 1873-இல் வந்த 44-40 கூட்டின் வாய் மிக மெலிந்தது. அந்த மெல்லிய பித்தளை குறைந்த அழுத்தத்திலும் விரிந்து அடைத்துக்கொள்வதால் அதில் இவ்வளவு கரி படிவதில்லை என்பது அதைச் சுடுபவர்கள் அறிந்த செய்தி.

கேள்வி: ஒடுக்கு விழுந்த கூடுகளை மறுபடி நிரப்பலாமா, எறிந்துவிட வேண்டுமா?

பதில்: ஒடுக்கின் அளவைவிட அதன் விளிம்பைப் பார்த்து முடிவெடுப்பது என் வழக்கம். விளிம்பு வழுவழுப்பாகச் சரிந்திருந்தால், உடலிலோ தோளிலோ இருக்கும் ஆழமில்லாத ஒடுக்கு அடுத்த முறை முழு அளவு மருந்தோடு சுடும்போது நிமிர்ந்துவிடும். அதுவரை கூட்டின் உட்கொள்ளளவு மிகச் சிறிதளவே குறைந்திருக்கும். துல்லியம் தேடுபவர்கள் இத்தகைய கூடுகளைத் தனியே ஒதுக்கி, பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். காகிதத்தை மடித்ததுபோல் கூர்மையான மடிப்பு விழுந்திருந்தால் அதை நம்ப வேண்டாம்; மடிந்த கோட்டில் பித்தளை இறுகியிருக்கும், நிமிரும்போது அங்கேதான் விரிசல் விடும். நகம் இடறும் அளவுக்கு ஆழமான வெட்டு இருந்தாலும் எறிந்துவிடுங்கள். அடிப்பகுதிக்கு அருகில் சுவர் தடித்தது. அங்கே ஒடுக்கு விழுந்திருந்தால் பெரிய விசை ஏதோ பட்டிருக்கிறது. அந்தக் கூட்டையும் நான் மறுபடி நிரப்ப மாட்டேன்.

தட்டையான வாயைச் சரிசெய்ய, டையின் நடுவிலுள்ள உருண்டை பெரும்பாலும் போதும். உருண்டை உள்ளே நுழைய முடியாத அளவுக்கு வாய் மடிந்திருந்தால், கூம்பு வடிவ முனையுள்ள கருவியை மெதுவாகச் சுழற்றி வட்டமாக்கிய பிறகே டையில் இடுங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் டையின் ஊசிதான் வளையும். பிறகு உருப்பெருக்கியால் வாயின் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

ஒடுக்கைத் தேடும் கண்ணுக்கு, அதைவிட ஆபத்தான அடையாளம் ஒன்று தப்பிவிடுவதுண்டு. கூட்டின் அடியிலிருந்து சற்று மேலே, உடலைச் சுற்றிப் பளபளப்பாக ஒரு வளையம் தெரிந்தால், உள்ளே சுவர் நீண்டு மெலிந்து கூடு இரண்டாகப் பிரியத் தயாராகிக்கொண்டிருக்கலாம். காகிதக் கவ்வியின் கம்பியை நிமிர்த்தி, முனையைச் சிறிது வளைத்துக் கூர்மையாக்கி, கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். முனை ஒரு பள்ளத்தில் இடறினால், வெளியே ஒரு ஒடுக்குகூட இல்லாத அழகான கூடாக இருந்தாலும் அதை வாயை நசுக்கிப் பழைய பித்தளைப் பெட்டியில் போட்டுவிடுங்கள். நசுக்காமல் போட்டால் இன்னொரு நாள் நீங்களே அதை நல்ல கூடென்று எடுத்துவிடக்கூடும்.